பறுவத்தோடு முடியும் பாடு

யூலை 20, திங்கள்

தரையால வீசிற கச்சான் காத்து. விடியவே வாய்க்குள்ள மண்.

இந்தக் கொப்பி கூட்டத்தில தந்தது. ஒரு பேனை, ஒரு துணிப்பையும். சனி ஞாயிறு ரெண்டு நாளும் திருகோணமலை நகரத்தில கூட்டம். கிண்ணியாப் பாலத்தால பஸ். பலகையில பெரிய எழுத்து: சமாதானத்தைக் கட்டியெழுப்பல், கோட்பாடும் நடைமுறையும். நான் அதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள தேத்தண்ணி வந்திட்டுது. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஆள் நான். எழுத்துப் பழகினது தோணிகளில எழுதியிருந்த பேரைப் பாத்து. சாமிப் பேரும் பொம்பிளைப் பேரும் கெதியா வரும். மற்றதெல்லாம் தடவித்தான்.

கூட்டம் நடத்தினது செல்வி மிஸ். நல்ல பிள்ளை, கதை மட்டும் கொஞ்சம் வேகம். "கண்டது கேட்டதை ஒவ்வொரு நாளும் எழுதுங்கோ ஐயா, ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்ல" எண்டது. என்ர எழுத்தை நானே திருப்பி வாசிக்க ஏலாது. பிறகு ஆர் வாசிக்கப் போறாங்கள்.

காசிமும் வந்தவன். பக்கத்துக் கதிரை. ஆத்துக்கு அங்கால ஊர் அவன்ர, இஞ்சால எங்கட. ரெண்டு ஊருக்கும் கடற்கரை ஒண்டுதான்.

தாளில ஒரு மரம் கீறினவை. வேரில பிரச்சினைக்குக் காரணம், பழத்தில அதால வந்த நட்டம். வேரில "கடல், காணி, பழைய இழப்பு" எண்டு எழுத, காசிம் என்ர காதில: "பாரு மச்சான், நம்மள வேருக்குள்ள தாட்டுப் போட்டாங்க. பழத்துக்குள்ளயாவது போட்டிரிக்கலாம்."

பிறகு தமிழ் ஆக்கள் ஒரு பக்கம், முஸ்லிம் ஆக்கள் மற்றப் பக்கம், தங்கட தங்கட பிரச்சினையை எழுதச் சொல்லிச்சினம். காசிம் எழும்பேல்ல. "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சினதான் மிஸ். முழங்கால்." மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மிஸ்ஸும்தான்.

ரெண்டு விதமான சமாதானம் இருக்காம். அடிபடாமல் இருக்கிறது ஒண்டு. அடிபடத் தேவையே வராமல் இருக்கிறது மற்றது. இதை யோசிச்சுக் கொண்டுதான் பஸ்ஸில வந்தனான். எங்கட கரை எது? தெரியேல்ல.

செவ்வாய்

காத்து அப்பிடியே. முழங்காலுக்கு எண்ணெய். மருமகள் வசந்தி சூடாக்கித் தந்தது.

கூட்டத்தில என்னையும் கதைக்கச் சொன்னவை. கரையை எப்பிடிப் பங்கிடுறம் எண்டு கேட்டவை. சொன்னனான். பாடு எண்டால் கரைவலை இழுக்கிற கரைத்துண்டு. அதில இழுக்கிற முறையும் பாடுதான். ஒரு பறுவத்தில இருந்து அடுத்த பறுவம் வரைக்கும் அங்கால ஊருக்கு, அதுக்குப் பிறகு எங்களுக்கு. நிலவு நிறைஞ்ச பறுவத்தண்டு காலமை கரையில மாறுறது. முடிச்ச ஆள் கயிறு கட்டுற குத்தியைக் கடல் தண்ணியால கழுவி விடுவார். வாற ஆள் தன்ர கயிறைக் கட்டுவார். அவ்வளவுதான். தாள் இல்ல, கையெழுத்து இல்ல.

"அது எப்பிடித் தொடங்கினது?" எண்டு மிஸ் கேட்டது. அதையும் சொன்னனான். ரெண்டாயிரத்து ஆறாம் ஆண்டுச் சண்டைக்கு நாங்கள் வெருகல் பக்கம் ஓட, அவையள் கந்தளாய்க்கு ஓடிச்சினம். திரும்பி வந்து நிவாரணம் குடுக்கேக்க எனக்குத் தோணி குடுத்தவை, வலை இல்ல. காசிமுக்கு வலை குடுத்தவை, தோணி இல்ல. ரெண்டு பேரும் தங்கட தங்கட சாமானைப் பாத்துக் கொண்டு கரையில குந்தியிருந்தம். மூண்டாம் நாள் அவன்தான் வாய் திறந்தான்: "தோணிய வெச்சி என்ன செய்யப் போறா? கொழம்பு வெக்கப் போறியா?" அப்பிடித்தான் தொடங்கினது. காட்டில போய் ஒரு பாலைக் குத்தி வெட்டி வந்து ரெண்டு பேருமாத் தாட்டம். அந்தக் குத்தி இண்டைக்கும் நிக்குது.

எல்லாரும் கை தட்டிச்சினம். பின் வரிசையில ஒரு பெடியன் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக் கொண்டு இருந்தவன். நான் கவனிக்கேல்ல, காசிம்தான் காட்டினவன். "மச்சான், சிரி. படம் எடுக்கிறான்."

வாற கிழமைப் புதன் பறுவம். மகன் சிவம் வலைக் கிழிசல் பொத்துறான். எங்கட முறை வருது.

புதன்

வசந்தி ஃபோனைக் கொண்டு வந்து முன்னால வைச்சது. முகம் சரியில்ல.

"மாமா, இது நீங்கள்தானே?"

நான்தான். என்ர சட்டை, என்ர குரல். பின்னால ஆரோ மேளம் போட்டிருக்கினம், படத்தில சண்டைக்குப் போடுற மேளம். நான் சொல்லுறன்: "பறுவத்தோட அவையின்ர பாடு முடியும். பிறகு கரை எங்கட." அவ்வளவுதான். வெட்டிட்டாங்கள். திருப்பித் திருப்பி அதே.

நான் அதுக்குப் பிறகு "அடுத்த பறுவத்தோட எங்கட பாடு முடியும், கரை அவையின்ர" எண்டும் சொன்னனான். குத்தி, தோணி, வலை எல்லாம் சொன்னனான். அது ஒண்டும் இல்ல.

என்ர குரலைக் கேக்க எனக்கே பயமாக் கிடந்தது. ஒருத்தன்ர பாடு முடிஞ்சுது எண்டால் செத்துப் போனான் எண்டும்தானே அர்த்தம். கரைவலை இழுக்காதவைக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும். இப்ப அங்கால ஊரில பெடியங்கள் பாதி கட்டாரில, மற்றப் பாதி ஓட்டோ ஓடுறாங்கள். எங்கட பெடியங்களும் அப்பிடித்தான். கயிறு பிடிச்ச கை எங்கட வயசு ஆக்களின்ர கைதான்.

கீழ எழுதியிருக்கிறதை வசந்தி வாசிக்க மாட்டன் எண்டிட்டுது. சிவம் ஒண்டை வாசிச்சான். "கிழவன் பறுவத்துக்கு நாள் குறிச்சிட்டான். நாங்களும் குறிப்பம்." கட்டாரில இருந்து எழுதினதாம்.

மிஸ்ஸுக்கு எடுத்தம். அழுமாப்போல குரல். போட்ட பெடியனைத் தேடிப் பிடிச்சு அழிக்கச் சொன்னதாம். அழிச்சிட்டான். ஆனா அதுக்குள்ள ஊரெல்லாம் எடுத்திட்டாங்கள்.

"வதந்திக்கு மருந்து, அவையள் நம்புற ஒருத்தர் கெதியாச் சரியானதைச் சொல்லுறது" எண்டுது. சரிதான். அவையள் நம்புற ஆள் காசிம். காசிமுக்கு எடுத்தால் மணி அடிக்குது, தூக்கேல்ல.

வியாழன்

காத்து குறைவு. புழுக்கம்.

பாட்டுப் போட்டுக் கொண்டு வந்து பாண் விக்கிற ஓட்டோ வரேல்ல. அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டுத்தான் நான் தேத்தண்ணி குடிக்கிறனான். ஓட்டுறவன் அங்கால ஊர்ப் பெடியன். காத்திருந்திட்டு வெறும் தேத்தண்ணி.

கூட்டத்தில சண்டைக்கு முன் அடையாளங்கள் எண்டு ஒரு பாடம் நடந்தது. கடை நேரத்தோட பூட்டுறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விடாதது. தெரியாத ஆக்கள் வந்து போறது. பழைய கதையைப் புதுசாக் கதைக்கிறது. அப்ப காசிம் கை உயர்த்தினவன்: "மிஸ், பாண் வராதத எழுதல்லயே." எல்லாரும் சிரிச்சவை. மிஸ் சிரிக்காமல் அதையும் எழுதினது.

பின்னேரம் சந்திக் கடை பூட்டு. கேட்டால் சாமான் முடிஞ்சுதாம். உள்ளுக்க மா மூட்டை தெரியுது.

தொண்ணூறாம் ஆண்டும் இப்பிடித்தான் ஒரு அமைதி. நாய் குரைச்சாலும் ஆரும் பேசாத அமைதி. மாட்டை நேரத்தோட பட்டிக்குக் கொண்டு வந்திச்சினம். ஏன் எண்டு ஆரும் ஆரையும் கேக்கேல்ல. எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது.

காசிமுக்குத் திரும்ப எடுத்தனான். இப்ப மணியும் இல்ல.

வெள்ளி

சிவம் வலையை மடிச்சு வைச்சிட்டான். "பறுவத்துக்குப் போகத்தான் வேணுமோ அப்பா?"

போகாட்டில் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். நாங்கள் போகேல்ல எண்டால் பயந்திட்டம், இல்லாட்டில் வேற ஏதோ வைச்சிருக்கிறம் எண்டு அவையள் நினைப்பினம். விடாமல் இழுப்பினம். எங்கட பெடியங்கள் பாத்துக் கொண்டு இருக்க மாட்டாங்கள். ஒரு முறை மாறாமல் போனால் பிறகு மாறவே மாறாது. கரை மட்டும் இல்ல. ஆத்துப் பாலமும் போம், பாணும் போம், ஆஸ்பத்திரிக்குப் போற வழியும் போம். பிறகு எங்கட பேரப்பிள்ளைகள் மரம் கீறிப் படிப்பினம், வேரில என்ர பேரை எழுதி.

போகத்தான் வேணும் எண்டன்.

ஜும்மா முடிஞ்ச நேரம் அங்கால ஒலிபெருக்கியில ஏதோ சொன்னது. காத்து எதிர்ப்பக்கம், விளங்கேல்ல. எங்கட ஒழுங்கையில ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி விளங்கினவை. "பொறுமையா இருங்கோ எண்டது" எண்டு ஒருத்தர். "பொறுத்தது போதும் எண்டது" எண்டு இன்னொருத்தர். ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுகினம்.

சனி

இதை எழுத விருப்பம் இல்ல. எழுதுறன்.

ஒரு ஆள் மோட்டார்சைக்கிளில வந்தான். நகரத்து ஆள், முந்திக் காணாத முகம். வெள்ளைச் சேட்டு. எங்கட பெடியங்கள் நாலஞ்சு பேர் அவனுக்குப் பின்னால. என்ர கையைப் பிடிச்சு ரெண்டு கண்ணிலயும் ஒத்தினான்.

"ஐயா, நீங்கள்தான் ஆள். இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லத் துணியாததைச் சொல்லிப் போட்டீங்கள்."

"தம்பி, நான் அப்பிடிச் சொல்லேல்ல. பாடு எண்டால் கரைவலைப் பாடு. முறை மாறுறது."

சிரிச்சான். "விளங்குது ஐயா. பயப்பிடாதேங்கோ."

"பயம் இல்ல. நான் சொன்னது வேற."

"பரவாயில்ல ஐயா. கேட்ட சனத்துக்கு நல்லா விளங்கியிருக்கு. அப்பிடியே இருக்கட்டும். பறுவத்துக்கு நாங்களும் வாறம், உங்களுக்குப் பக்கத்தில."

வேண்டாம் எண்டன். திரும்பத் திரும்ப வேண்டாம் எண்டன். நான் சொல்லச் சொல்ல பெடியங்களுக்குச் சிரிப்பு. கிழவன் கெட்டிக்காரன், வாயால மறுக்குது எண்டு ஒருத்தன் மற்றவனுக்குச் சொல்லுறான். என்ர காதுபடவே.

அங்கால ஆக்கள் என்னைப் பிழையா விளங்கினது ஒரு நோவு. அதுக்கு ஏதும் செய்யலாம். எங்கட ஆக்கள் என்னைப் பிழையா விளங்கிச் சந்தோசப்படுகினம். இதுக்கு மிஸ் பாடம் சொல்லித் தரேல்ல. கேட்டிருக்க வேணும்.

போகேக்க எனக்கு ஒரு பக்கற் பிஸ்கட் வைச்சிட்டுப் போனான். கோழிக்குப் போட்டன். கோழி தின்னுது.

ஞாயிறு

விடிய மழை மாதிரி இருட்டி, பெய்யாமல் போச்சு.

குத்தி போச்சு.

சிவம் போய்ப் பாத்திட்டு வந்து சொன்னான். மண் மட்டத்தோட, மரம் அரியிற வாளால அறுத்திருக்கு. மேல் துண்டு இல்ல. நான் போய்க் கையால தடவிப் பாத்தனான். பாலை மரம், உள்ளுக்க இன்னும் சிவப்பு. இத்தனை வருசம் உப்புக்குள்ள நிண்டும் உக்கேல்ல.

எங்கட பெடியங்கள் அவங்கள்தான் எண்டுறாங்கள். அவையள் நாங்கள்தான் எண்டு சொல்லுவினம். எனக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் வாள் இருக்கு.

பொழுது சாய வசந்தி அலுமாரியைத் திறந்து வைச்சுக் கொண்டு நிண்டுது. அடையாள அட்டைகள், பிள்ளைகளின்ர பிறப்புப் பதிவு, காணி உறுதி, எல்லாம் ஒரு பொலித்தீன் பையில. பைக்குக் காத்துப் புகாமல் முடிச்சு. என்னைக் கண்டதும் "சும்மா ஒதுக்கிறன் மாமா" எண்டுது. அவளின்ர தாய் ஆறாம் ஆண்டு இதே முடிச்சுத்தான் போட்டவ.

என்ர அடையாள அட்டையையும் குடுத்தன்.

திங்கள்

மிஸ் எடுத்தது. பறுவத்துக்குத் தானும் சமாதானக் குழுவும் வரட்டோ, பொலிசுக்கும் சொல்லட்டோ எண்டு. "நடுவில ஒரு மூண்டாம் ஆள் நிண்டால் நல்லது ஐயா."

யோசிச்சுச் சொன்னனான்: பிள்ளை, பொலிஸ் வந்தால் அண்டைக்குக் கரை அமைதி. அடுத்த பறுவத்துக்கும் பொலிஸ் வர வேணும். பிறகு கரை பொலிசின்ர.

"அப்ப என்ன செய்யிறது?"

காசிமிட்டப் போ எண்டன். எங்களைப் போக விட மாட்டினம், உன்னை விடுவினம். அவனை நேரில பார். நான் சொன்னது எந்தப் பாடு எண்டு கேள். அவனுக்குத் தெரியும்.

போறன் எண்டுது. பயந்த குரல்தான். ஆனா போறன் எண்டுது.

பள்ளிக்கூடத்துக்கு எங்கட ஒழுங்கையில இருந்து ஒரு பிள்ளையும் போகேல்ல.

செவ்வாய்

மிஸ் அங்கால ஊருக்குப் போனது. பாலத்தடியில பெடியங்கள் மறிச்சுப் போட்டாங்களாம். மரியாதையாத்தான் மறிச்சவையாம். "பெரியவருக்குச் சுகமில்ல, ஒருத்தரையும் பாக்க மாட்டார்." திரும்பி வந்திட்டுது.

காசிமுக்குச் சுகமில்லையோ, காட்ட விருப்பம் இல்லையோ. நம்புறதுக்கு ஒண்டும் இல்ல.

மத்தியானம் சிவத்தின்ர ஃபோனுக்குக் குரல் பதிவு ஒண்டு வந்தது. காசிமின்ர நம்பர். ஆனா குரல் அவன்ர மகன் ரிஸ்வியின்ர. அப்பு எண்டுறது என்னைத்தான். சுருக்கம்:

"அப்புவ நாளைக்கிக் கரைக்கு வரச் சொல்லுங்க. அவர்ர பாட்ட நாங்க குடுக்கிறம்."

அவ்வளவுதான்.

சிவம் திருப்பிப் போட்டான். வசந்தி கேட்டுது. திருப்பிப் போட்டான். "வெருட்டுறாங்கள் அப்பா. கேக்கேல்லையே அந்தக் குரலை?" வசந்தி அவனுக்குச் சொல்லுது: "இல்லயப்பா, முறையைக் குடுக்கிறம் எண்டுதான் சொல்லுது." ரெண்டு பேரும் என்னைப் பாக்கினம். எழுபது வருசமாக் கயிறு பிடிச்ச ஆள். இந்தச் சொல்லு என்ர சொல்லு. நான் சொன்னால் முடிஞ்சுது.

கண்ணை மூடிக் கேட்டன். ரிஸ்வி சின்னனில என்ர தோளில இருந்து வலை இழுக்கப் பாத்தவன். அவன்ர குரல் எனக்குத் தெரியும். கோவமோ? கோவம் மாதிரித்தான். களைப்போ? களைப்பு மாதிரியும் கிடக்கு. பின்னால ஆரோ இருமினது. காசிமின்ர இருமல் மாதிரி.

எனக்கு விளங்கேல்ல.

பிள்ளைகளுக்குச் சொல்லேல்ல. "முறையைத்தான் சொல்லுறான்" எண்டன். பொய். எனக்கே தெரியாததைத் தெரிஞ்சது எண்டு சொன்னனான்.

புதன், பறுவம்

காலமை. கடல் தகடு மாதிரி. காத்தே இல்ல.

நேரத்தோட கரைக்கு வந்திட்டன். தோணி விளிம்பில குந்தியிருந்து எழுதுறன். சிவத்தை வர வேண்டாம் எண்டனான். வந்து நிக்கிறான், கயிறோட. எங்கட வயசு ஆக்கள் மூண்டு பேர் வந்தவை. போதும்.

அறுத்த குத்திக்கு மேல நண்டு ஒண்டு ஏறி இருக்கு.

மோட்டார்சைக்கிள்கள் வந்திட்டுது. வெள்ளைச் சேட்டுக்காரனும் எங்கட பெடியங்களும் தென்னைகளுக்குப் பின்னால. கூப்பிடேல்ல. போகச் சொல்லி சிவம் போய்ச் சொன்னவன். "நாங்கள் ஐயாவுக்காகத்தான்" எண்டாங்களாம். ஃபோன் வேற பிடிச்சுக் கொண்டு.

அங்காலக் கரையால ஆக்கள் வருகினம். கனபேர். தண்ணி வெளிச்சத்தில முகம் தெரியேல்ல என்ர கண்ணுக்கு. முன்னால ரெண்டு பேர் தோளில ஏதோ நீளமாத் தூக்கிக் கொண்டு. மரம்.

"அடிக்கிற பொல்லு அப்பா" எண்டான் சிவம்.

பொல்லை ரெண்டு பேர் தூக்குவினமோ.

கிட்ட வருகினம். முன்னுக்குத் தூக்கிறவன் ரிஸ்வி மாதிரி. பின்னுக்குத் தூக்கிறவன் நொண்டுறான். வலது முழங்கால். நாலு அடி வைச்சு ஒருக்கா நிக்கிறான், இருமுறான், திரும்பத் தூக்கிறான். ஆரும் வாங்கப் போனால் விடுறான் இல்ல. அந்தக் கழுதைப் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

குத்தி. புதுசு. தோல் இன்னும் உரிக்கேல்ல.

சிவத்துக்குச் சொன்னன், பார், எந்தப் பாடு எண்டு.

தென்னையடியில ஆரோ கத்தினது: "பொல்லோட வாறாங்கள்!" மோட்டார்சைக்கிள் எல்லாம் ஒரே நேரத்தில ஸ்டாட். அவங்கள் நிக்கிற இடத்தில இருந்து பாத்தால் நொண்டுறது தெரியாது. மரம் மட்டும்தான் தெரியும்.

நான் போய் அந்த மரத்தின்ர நடுவைத் தோளில வாங்க வேணும். மூண்டு பேர் தூக்கினால் ஒருத்தனுக்கும் பொல்லு மாதிரித் தெரியாது. முழங்கால் ஏலாது எண்டுது. கொப்பியைத் தோணிக்குள்ள போட்டிட்டுப் போறன்.